எடை எங்கே குறைய வேண்டும்: ஒரு ட்ராட் ஏற்றத்தின் காரபைனர், குயிக்டிரா மாற்றம் குறித்த நிகழ்வு ஆய்வு

அது ஒரு ட்ராட் ஏற்றம்: விழுந்தால் தாங்கும் காப்புக் கருவிகளை ஏறுபவரே பாறை விரிசல்களில் வைத்துக்கொண்டு போகும் பாறையேற்றம். நான்காவது பிட்ச்சில் (ஒரே கயிற்று நீளத்தில் ஏறி முடிக்கும் பகுதி) ஏறத்தாழ 25 மீட்டர் ஏறிய பிறகு, முன்னேறிக்கொண்டிருந்த என் ஏற்றத் துணைவர் கீழே திரும்பிப் பார்த்தார். அவர் வைத்துவிட்டு வந்த ஆறு காப்புகளில் இரண்டு நட்கள் (விரிசலில் செருகும் உலோக ஆப்புகள்) விரிசலிலிருந்து கழன்று, கயிற்றோடு சரிந்து, கீழே இருந்த கேமின் (விரிசலுக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் சுருள்வில் கருவி) மேல் வந்து கிடந்தன. அவருக்கும் அவர் நம்பக்கூடிய கடைசிக் காப்புக்கும் இடையே பத்து மீட்டருக்கு மேல் வெறும் கயிறு மட்டுமே இருந்தது. அந்தக் கயிறும் ஒரு முகட்டிலும் ஒரு கூரைப் பாறையின் உதட்டிலும் உரசிக்கொண்டிருந்ததால், ஒவ்வோர் அடிக்கும் அவர் நின்று, ஒரு கையால் கயிற்றை மேலே இழுத்துத் தளர்த்திக்கொண்ட பிறகே அடுத்த பிடியை எட்ட முடிந்தது. அந்த இடத்திலேயே அவர் இரண்டு நட்களை வைத்து, அவற்றில் இரண்டு காரபைனர்களை (திறந்து மூடும் கேட் உள்ள உலோக வளையங்கள்) மாட்ட, நான் அவரை இறக்கினேன். நட்களும் காரபைனர்களும் பாறையிலேயே தங்கிவிட்டன. யாருக்கும் காயமில்லை.

அன்று மாலை இருவரும் உட்கார்ந்து நடந்ததை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, தவறு நான்காவது பிட்ச்சில் தொடங்கவில்லை என்பது புரிந்தது. அது பாறையின் அடிவாரத்தில் தொடங்கியிருந்தது. நீண்ட நடைக்குப் பிறகு ஹார்னெஸ்ஸில் (இடுப்பில் கட்டும் ஏற்றப் பட்டை) கருவிகளை மாட்டியபோது, இடுப்பில் தொங்கிய பாரம் இருவருக்குமே மலைப்பாக இருந்தது. எதையாவது குறைக்க வேண்டும் என்று நினைத்த நாங்கள், காப்பையும் கயிற்றையும் நீட்டி இணைக்கும் துணி வளையங்களான 120 செ.மீ. நைலான் ஸ்லிங்குகள் மூன்றை அடிவாரப் பையிலேயே விட்டுவிட்டோம். மிஞ்சியவை 12 செ.மீ. நீளமுள்ள குட்டைக் குயிக்டிராக்கள் (இரு முனையிலும் காரபைனர் உள்ள துணி இணைப்புகள்) மட்டுமே. இடமும் வலமுமாக வளைந்து செல்லும் பாதையில் குட்டைக் குயிக்டிராக்களை மட்டும் மாட்டிக்கொண்டு போனால் கயிறு ஒவ்வொரு காப்பிலும் மடங்கும். மடங்கிய கயிறு இறுகும்போது நேராக முயன்று, நடுவிலுள்ள காப்புகளைப் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் இழுக்கும். நட் என்பது கீழ்நோக்கிய இழுவைக்காகக் குறுகும் விரிசலில் உட்கார வைக்கப்படும் ஆப்பு என்பதால், மேல்நோக்கிய சிறு இழுப்பே அதைக் கழற்றப் போதும். கனமான உலோகத்தைச் சுமந்துகொண்டு, எடை குறைவான துணியை விட்டுவிட்டுப் போனோம் என்பதே அன்றைய தவறின் சாரம்.

இந்த ஆய்வு அதற்குப் பின் நாங்கள் செய்த மாற்றத்தைப் பற்றியது. இலகுவான காரபைனர் வாங்குவது எங்களுக்கு வசதிக்கான செலவாகத் தோன்றவில்லை. உலோகத்தில் மிச்சப்படும் ஒவ்வொரு கிராமும், இனி அடிவாரத்தில் விட்டுவிட மாட்டோம் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஸ்லிங் நீளமாக மாற வேண்டும் என்பதே எங்கள் கணக்கு.

பழைய தொகுதியின் எடை

முதலில் சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் தனித்தனியாக நிறுத்தோம். பாறையில் விட்டுவந்தவற்றுக்கு அதே வகையின் எடையைச் சேர்த்துக்கொண்டோம். தொகுதியை மொத்தமாகப் பையில் போட்டு நிறுப்பதில் பயனில்லை. எந்தப் பொருள் எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் எடை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரியும்.

பன்னிரண்டு குயிக்டிராக்கள் ஒவ்வொன்றும் 110 கிராம் இருந்தன. ஒவ்வொன்றிலும் 47 கிராம் எடையுள்ள திட கேட் (கேட் முழு உலோகத் துண்டாலானது) காரபைனர்கள் இரண்டும், 16 கிராம் நைலான் துணியும் இருந்தன. ஆகமொத்தம் 1,320 கிராம். ஒன்பது கேம்களைத் தொங்கவிடும் காரபைனர்கள் தலா 45 கிராம் வீதம் 405 கிராம். நட் கொத்துகளைத் தாங்கும் இரண்டு காரபைனர்கள் 90 கிராம். மூன்று நீள ஸ்லிங்குகள் அவற்றின் காரபைனர்களோடு 375 கிராம். பூட்டும் காரபைனர்கள் மூன்று, பெரிய பேரிக்காய் வடிவ வகை, 255 கிராம். கேம்களும் நட்களும் சேராமல், இணைப்புப் பொருள்கள் மட்டுமே 2,445 கிராம். இதில் நாங்கள் அன்று அடிவாரத்தில் விட்டுவிட்டுப் போன பாரம் 375 கிராம்தான். பாதுகாப்புக்கு மிகத் தேவையான அந்த 375 கிராமைக் கழற்றிவிட்டு, பாக்கி இரண்டு கிலோவுக்கு மேற்பட்டதைக் கேள்வியின்றிச் சுமந்திருக்கிறோம் என்பதைத் தராசுத் தட்டில் பார்த்தபோது இருவருமே சற்று நேரம் பேசவில்லை.

சந்தையில் கிடைப்பவற்றின் எடை வீச்சு பெரியது. கம்பி கேட் (வளைத்த கம்பியாலான கேட்) பரவலாவதற்கு முன் ட்ராட் ஏற்றத்தில் 45 முதல் 50 கிராம் வரையிலான காரபைனரே வழக்கமாக இருந்தது. 1990களின் நடுப்பகுதியில் கம்பி கேட் ஏற்றக் காரபைனர்களில் நிலைபெற்ற பிறகு, முழு அளவுள்ள காரபைனர் 30 முதல் 37 கிராமுக்கு இறங்கியது. வைல்டு கன்ட்ரி நிறுவனத்தின் ஹீலியம் 33 கிராம். டிஎம்எம் ஃபேன்டம் போன்ற சிறிய உடல் கொண்டவை 26 கிராமை ஒட்டியவை. கேம்ப் நிறுவனத்தின் நானோ 22 தன் எடையையே பெயரில் சுமக்கிறது. எடெல்ரிட் நிறுவனத்தின் நைன்டீன் ஜி 20 கிராமுக்கும் கீழே செல்கிறது. ஏறக்குறைய எல்லாமே வலிமை மிக்க அலுமினியக் கலவையைச் சூடாக்கி அச்சில் அடித்து உருவாக்கப்பட்டவை. உடலின் பக்கங்களில் உலோகத்தைக் குறைத்து, ரயில் தண்டவாளத்தின் குறுக்குவெட்டைப் போல நடுவில் மெலிந்தும் ஓரங்களில் தடித்தும் விடுவதால்தான் இவ்வளவு குறைந்த எடையில் தேவையான வலிமை கிடைக்கிறது.

பொறித்திருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன

காரபைனரின் முதுகில் (கேட்டுக்கு எதிர்ப்புறம்) மூன்று எண்கள் கிலோநியூட்டன் கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ 102 கிலோ எடை தொங்குவதற்குச் சமமான விசை. கேட் மூடியிருக்கும்போது நீளவாக்கில் தாங்கும் வலிமை, குறுக்குவாக்கில் தாங்கும் வலிமை, கேட் திறந்திருக்கும்போது நீளவாக்கில் தாங்கும் வலிமை ஆகியவை அவை. ஐரோப்பியத் தரம் இஎன் 12275, சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பின் தரம் யுஐஏஏ 121 ஆகிய இரண்டுமே அடிப்படை வகைக் காரபைனருக்கு முறையே 20, 7, 7 கிலோநியூட்டன்களைக் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கின்றன. ஆகவே 19 கிராம் காரபைனரும் 47 கிராம் காரபைனரும் ஒரே தரத்தைத் தாண்டியவைதாம். எடை குறைந்தது என்பதனாலேயே ஒன்றை ஆபத்தானது என்று ஒதுக்குவது சரியன்று.

இருப்பினும் முதல் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தியடைவது பெரும்பாலோர் செய்யும் தவறு. ட்ராட் ஏற்றத்தில் மூடிய கேட்டின் 20 கிலோநியூட்டன் ஏறக்குறைய ஒருபோதும் சோதிக்கப்படுவதில்லை, ஏனெனில் அதற்கு முன்பே நட்டோ கேமோ பாறையோ விட்டுவிடும்; நடுத்தர, பெரிய நட்கள் 12 கிலோநியூட்டனை ஒட்டியும், மிகச் சிறியவை அதைவிட மிகக் குறைவாகவும் மட்டுமே தாங்குவதாகக் குறிக்கப்பட்டிருக்கும். உண்மையில் நாம் கவலைப்பட வேண்டியது மூன்றாவது எண்ணைப் பற்றி. விழும் கயிறு காரபைனர் வழியாக வேகமாக ஓடும்போது ஏற்படும் அதிர்வில் கேட் படபடத்துத் திறக்கலாம். காரபைனரின் முதுகு பாறையில் மோதும் கணத்தில் கேட் தன் எடையாலேயே உள்நோக்கி வீசப்படலாம். பாறையின் ஒரு சிறு துருத்தல் கேட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கலாம். கம்பி கேட்டின் எடை திட கேட்டைவிடக் குறைவு என்பதால் முதல் இரண்டும் அதில் குறைகின்றன. பனியும் உறைநீரும் உள்ளே இறுகிக்கொள்ளும் இடம் அதில் குறைவு என்பது கூடுதல் நன்மை. மூன்றாவது நிலைமைக்குக் கேட்டின் வகை உதவாது. காரபைனர் எங்கே தொங்குகிறது என்பதே அதைத் தீர்மானிக்கும்.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். விழுபவரை நிறுத்தும்போது மேலேயுள்ள காப்பு, விழுபவர் பக்கக் கயிற்றின் இழுவையையும் பெலே செய்பவர் (மறுமுனையில் கயிற்றைப் பிடித்துக் காப்பவர்) பக்கக் கயிற்றின் இழுவையையும் சேர்த்துத் தாங்குகிறது. காரபைனரில் ஏற்படும் உராய்வால் பெலே பக்கத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு விசையே வரும். விழுபவர் பக்கத்தில் 5 கிலோநியூட்டன் வருமளவுக்குக் கடுமையான விழுகை ஒன்று நேர்ந்தால், மேல் காப்பில் 8 கிலோநியூட்டனுக்குச் சற்று மேல் வரும். கேட் மூடியிருந்தால் அது ஒரு பொருட்டே இல்லை. அந்தக் கணத்தில் கேட் திறந்திருந்தால், 7 என்று பொறித்த காரபைனர் தன் எல்லையைக் கடந்துவிடும். 10 என்று பொறித்த காரபைனருக்கு இன்னும் இடமிருக்கும். இத்தகைய விழுகை அபூர்வம். அதே கணத்தில் கேட் திறந்திருப்பது இன்னும் அபூர்வம். ஆனாலும் 20 கிராம் வகையைவிட 13 கிராம் அதிகம் கொடுத்தால் இந்த இடைவெளி கிடைக்கிறது என்றால், கயிறு ஓடும் முனையில் நான் அதைக் கொடுப்பேன். இதில் எனக்குத் தயக்கமில்லை.

குறுக்கு நிலை, மூக்கில் சிக்கிய நிலை ஆகியவையும் உண்டு. காரபைனரின் மூக்கு முனை (கேட் வந்து மூடும் இடம்) மட்டும் பாறையில் பதித்த போல்ட் தகட்டிலோ நட்டின் கம்பி வளையத்திலோ கொக்கி போலத் தங்கிவிட்டால், அது திறந்த கேட்டின் வலிமையைவிடவும் மிகக் குறைந்த சுமையிலேயே விரிந்து உடையும். இந்நிலைக்கென்று எந்த எண்ணும் பொறிக்கப்படுவதில்லை. மூக்கில் பள்ளமில்லாத கீலாக் வடிவமோ, கம்பியை மறைக்கும் உறையுள்ள மூக்கோ இந்த வாய்ப்பைக் குறைக்கும். இரண்டுக்கும் சில கிராம் விலை உண்டு.

எல்லாமே மிக இலகுவாக: முதல் முயற்சி

நாங்கள் உடனே வாங்கிவிடவில்லை. 20 கிராம் வகையைச் சேர்ந்த காரபைனர்களையும் 8 மி.மீ. டைனீமா (நைலானைவிட இலகுவான செயற்கை இழை) ஸ்லிங்குகளையும் தெரிந்தவர்களிடமிருந்து இரவல் வாங்கி, ஒரு பிட்ச் அளவேயுள்ள எளிய பாதைகளில் இரண்டு நாள்கள் பயன்படுத்திப் பார்த்தோம். காகிதத்தில் கணக்கு மயக்குவதாக இருந்தது. 60 செ.மீ. ஸ்லிங்கை மூன்றாக மடித்த நீளும் குயிக்டிரா ஒன்று வெறும் 60 கிராம். பன்னிரண்டும் 720 கிராம். கேம்களின் காரபைனர்கள் 180, நட்களுக்கு 40, நீள ஸ்லிங்குகள் 180, சிறிய பூட்டுக் காரபைனர்கள் மூன்று 126. மொத்தம் 1,246 கிராம். பழைய தொகுதியில் பாதியளவுதான்.

முதல் நாள் காலையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. இடுப்பில் பாரமே தெரியவில்லை. பிற்பகலில் காற்று எழுந்து விரல்கள் குளிர்ந்தபோது நிலைமை மாறியது. சிறிய காரபைனரின் உடலை உள்ளங்கையில் நிறுத்தி, நடுவிரலால் அதன் அடியை இழுத்துப் பிடித்து, கட்டைவிரலால் கயிற்றைக் கேட்டுக்குள் தள்ளும் பழகிய அசைவு நடக்கவில்லை. உடல் அவ்வளவு குட்டையாக இருந்ததால் விரல் நுனி கேட்டுக்கும் மூக்குக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கையுறையோடு முயன்றபோது இன்னும் மோசம். ஒரு கையால் தொங்கிக்கொண்டு மறு கையால் கயிற்றை மாட்ட முயலும் நேரத்தில், இரண்டாவது முயற்சி, மூன்றாவது முயற்சி என்று போவது முன்கையின் பலத்தைச் சீக்கிரம் தின்றுவிடுகிறது. அந்த இரண்டு நாள்களில் என் கையிலிருந்து ஒரு காரபைனரும் துணைவர் கையிலிருந்து ஒன்றும் நழுவி விழுந்தன. பழைய தொகுதியில் பல ஆண்டுகளாக அப்படி ஒன்றும் நழுவியதில்லை. விழுந்த காரபைனர் உடையாவிட்டாலும், நீண்ட பாதையின் நடுவில் அது திரும்பி வராத காரபைனர். அதற்கு எடை மிச்சம் என்ற கணக்கே பொருந்தாது.

நட் கொத்தில் வேறொரு தொல்லை வந்தது. கம்பி கேட்டின் மூக்கிலுள்ள கொக்கிப் பள்ளத்தில் நட்களின் கம்பி வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கின. ஒரு நட்டை எடுக்கப் போனால் மூன்று கூடவே வந்தன. காப்பு வைப்பதற்கு மனம் நிதானமாக இருக்க வேண்டிய அந்த நொடியில் இது மிகப் பெரிய இடையூறு. பின்வருபவரும் நட்டைக் கழற்றிக் கொத்தில் சேர்க்கும்போது இதையே சொன்னார்.

அகலமான நைலான் ஸ்லிங்கைச் சிறிய காரபைனரில் மாட்டியபோது அது வளைவில் நெருங்கிச் சுருண்டு, முதுகை விட்டு கேட் பக்கமாகப் படர்ந்து நின்றது. காரபைனர் தன் முழு வலிமையைக் காட்டுவது சுமை முதுகை ஒட்டி வரும்போதுதான். சுமை கேட் பக்கமாக நகர நகர வலிமை குறையும். குறுகிய டைனீமா ஸ்லிங்குகளோடு இந்தச் சிக்கல் இல்லை. மிகச் சிறிய காரபைனரையும் அகல நைலானையும் சேர்க்கக் கூடாது என்பதை மட்டும் குறித்துக்கொண்டோம்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், கேம்களில் தொங்கிய 20 கிராம் காரபைனர்களைப் பற்றி இருவருக்குமே எந்தப் புகாரும் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். கேமை ஹார்னெஸ்ஸிலிருந்து கழற்றுவதும் மாட்டுவதும் மட்டுமே அவற்றின் வேலை. கயிற்றை அவற்றில் மாட்டும் அவசரம் இல்லை. இங்கிருந்துதான் எங்கள் தேர்வுக்கு வழி கிடைத்தது. எந்தக் காரபைனரைக் கை அவசரத்தில் தேடுகிறதோ அதற்கு எடை கொடுக்கலாம். கை அமைதியாகத் தொடும் காரபைனரில் எடையைக் குறைக்கலாம்.

தேர்ந்தெடுத்த தொகுதி

குயிக்டிராக்களில் இரண்டு முனைகளையும் வெவ்வேறாக்கினோம். கயிற்று முனைக்கு 33 கிராம் எடையுள்ள, மூக்கில் உறையுள்ள, திறந்த கேட்டில் 10 கிலோநியூட்டன் தாங்கும் முழு அளவுக் காரபைனர். காப்பு முனைக்கு 25 கிராம் எடையுள்ள சிறிய கம்பி கேட் காரபைனர். எட்டு குயிக்டிராக்கள் 60 செ.மீ. டைனீமா ஸ்லிங்கை மூன்றாக மடித்தவை, தலா 78 கிராம். நான்கு மட்டும் தைத்த குட்டைத் துணியுள்ளவை, தலா 68 கிராம். ஆக 896 கிராம். இரு முனைகளுக்கும் வெவ்வேறு நிறம் வாங்கியது அழகுக்காக அன்று. காப்பு முனைக் காரபைனரின் உட்புறத்தில் போல்ட் தகடும் பழைய பிட்டன்களும் (விரிசலில் அடித்த உலோக ஆணிகள்) நட்டின் கம்பியும் கூரிய கீறல்களை உண்டாக்கும். அதே முனையைப் பின்னர் கயிற்றுக்குப் பயன்படுத்தினால் அந்தக் கீறல்கள் கயிற்றின் உறையைச் சுரண்டும். நிறம் வேறாக இருந்தால் களைப்பில் தலைகீழாக மாட்டும் தவறு கண்ணில் படும்.

கேம்களுக்கு 20 கிராம் வகைக்குப் பதிலாக, காப்பு முனைக்கு வாங்கிய அதே 25 கிராம் காரபைனர்களையே எடுத்தோம். ஒவ்வொரு கேமின் நிறத்துக்கும் பொருந்திய நிறத்தில் அவை கிடைத்தன, அவசரத்தில் கேமிலேயே நேரடியாகக் கயிற்றை மாட்ட நேர்ந்தால் கைக்கு அடங்கவும் செய்தன. ஒன்பதும் 225 கிராம். நட் கொத்துகளுக்குத் திட கேட் கீலாக் காரபைனர்களையே வைத்துக்கொண்டோம். தலா 42 கிராம், இரண்டும் 84. பழையதைவிட 6 கிராம்தான் குறைவு என்று துணைவர் முகம் சுளித்தார். மறுநாள் ஒரு நட்டை முதல் இழுப்பிலேயே தனியாக எடுத்த பிறகு அந்த விவாதம் முடிந்துவிட்டது.

நீள ஸ்லிங்குகளில் இரண்டை டைனீமாவாகவும் ஒன்றை நைலானாகவும் வைத்தோம். மூன்றும் காரபைனர்களோடு 235 கிராம். பூட்டுக் காரபைனர்களில் பெலே கருவிக்கு முழு அளவுப் பேரிக்காய் வடிவம் ஒன்று, 85 கிராம். பெலே கருவி தவறி விழுந்தால் முன்டர் முடிச்சைப் போட்டு பெலே செய்ய அந்த அகன்ற வளைவு தேவை. மற்ற இரண்டும் சிறியவை, 90 கிராம்.

மொத்தம் 1,615 கிராம். பழையதைவிட 830 கிராம் குறைவு. இரவல் தொகுதியைவிட 369 கிராம் அதிகம். அந்த 830இல் 424 குயிக்டிராக்களிலிருந்தும், 180 கேம்களின் காரபைனர்களிலிருந்தும், 140 நீள ஸ்லிங்குகளிலிருந்தும், 80 பூட்டுக் காரபைனர்களிலிருந்தும், 6 மட்டும் நட் கொத்திலிருந்தும் வந்தன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாதவர் எங்கே தொடங்கலாம் என்பதையும் இந்தப் பிரிவே காட்டுகிறது. குயிக்டிராக்களை நீளும் வகையாக மாற்றுவது எடையையும் குறைக்கிறது, கயிற்று இழுவையையும் குறைக்கிறது. வேறெந்த மாற்றமும் இரண்டையும் சேர்த்துத் தருவதில்லை.

துணியும் ரப்பரும்

காரபைனரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள்கூட ஸ்லிங்கைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டைனீமா என்ற பெயரில் விற்கப்படும் பாலிஎத்திலீன் இழை, அதே வலிமையுள்ள நைலானைவிடப் பாதியளவு எடையும் அகலமும் கொண்டது. ஈரத்தை அதிகம் உறிஞ்சாது. குறுகிய காரபைனரில் நன்றாக அமரும். தைத்த ஸ்லிங்குகள் எந்த இழையாக இருந்தாலும் தரப்படி 22 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். இலகுவான தொகுதியை டைனீமாவால் மட்டுமே கட்ட முடிந்தது.

அதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. டைனீமா உருகும் வெப்பநிலை 145 டிகிரி செல்சியஸை ஒட்டியது; நைலானோ 200 டிகிரியை நன்கு தாண்டிய பிறகே உருகும். வழுக்கும் தன்மையால் டைனீமாவில் போட்ட முடிச்சுகள் நழுவக்கூடும்; முடிச்சு போட்டாலே வலிமை பாதியளவுக்கு இறங்கலாம். நீளாத இழை என்பதால், ஸ்லிங்கில் மட்டும் தன்னை இணைத்துக்கொண்டு நங்கூரத்துக்கு (பிட்ச்சின் முடிவில் ஏறுபவர்களைப் பாறையோடு பிணைக்கும் காப்புத் தொகுப்பு) மேலே ஏறி நின்று ஒருவர் தவறினால், சிறு விழுகையே பெரும் விசையாக மாறும்; அதில் முடிச்சும் இருந்தால் அறுந்துபோகும் அளவுக்குப் போகலாம். குயிக்டிராவில் இது கவலை தருவதில்லை, ஏனெனில் அங்கே விசையை உள்வாங்குவது கயிறு. நங்கூரத்தில்தான் கவலை. ஆகவே நங்கூரத்தில் என்னை நான் கயிற்றின் குளோவ் ஹிச் முடிச்சால்தான் பிணைத்துக்கொள்கிறேன். பாறை முளைகளில் சுற்றவும் முடிச்சிட்டு நங்கூரங்களைச் சமன்படுத்தவும் நைலான் ஸ்லிங் ஒன்று தொகுதியில் நிரந்தரமாக இருக்கிறது. இலகு என்பதற்காக அந்த நைலானையும் கைவிடச் சொன்னால் நான் இணங்க மாட்டேன்.

ரப்பர் வளையத்தைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். குட்டைக் குயிக்டிராவின் கயிற்று முனையில் காரபைனர் புரளாமல் இருக்க ரப்பர் வளையம் போடுவது வழக்கம். 2013இல் பிரான்ஸின் ஓர்பியேர் பாறையில் 12 வயது இத்தாலியச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிரிழந்தான். அவன் பயன்படுத்திய குயிக்டிராக்கள் தவறாகக் கோக்கப்பட்டிருந்தன. காரபைனர்கள் துணி வளையத்துக்குள் செல்லாமல் ரப்பரில் மட்டுமே மாட்டியிருந்தன. பார்வைக்கு அவை சரியாகவே தோன்றியிருக்கும். நீளும் ஸ்லிங்கில் இந்த ஆபத்து இன்னும் நுட்பமானது: திறந்த வளையத்தில் ரப்பர் போட்டிருந்தால், மடித்த ஸ்லிங்கை விரிக்கும்போது ஒரு மடிப்பு காரபைனருக்குள் தவறாகச் சென்று, கடைசியில் காரபைனரை ரப்பர் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும் நிலை உருவாகலாம். எனவே எங்கள் எட்டு நீளும் குயிக்டிராக்களில் எந்த முனையிலும் ரப்பர் இல்லை. காரபைனர் சற்றே புரளும், புரண்டால் திருப்பிக்கொள்கிறோம். நான்கு குட்டைக் குயிக்டிராக்களில் மட்டும், தைத்த குறுகிய கண்ணுக்குள் காரபைனர் இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு, கயிற்று முனையில் ரப்பர் உண்டு.

ஒரு பருவத்துக்குப் பிறகு

அந்தப் பருவம் முழுவதும் ஒவ்வொரு பிட்ச் முடிந்ததும் எத்தனை குயிக்டிராக்கள் பயன்பட்டன என்று குறித்துவந்தோம். பத்துக்கு மேல் ஒருமுறையும் போகவில்லை. கேம்களில் பலவற்றுக்குத் தாமே நீளும் ஸ்லிங் இருந்தது அதற்கு ஒரு காரணம். எனவே குட்டைக் குயிக்டிராக்களில் இரண்டை எடுத்துவிட்டோம். தொகுதி 1,479 கிராம் ஆனது. மிக இலகுவான காரபைனர்களை மறுத்ததால் நாங்கள் ஏற்றுக்கொண்ட 369 கிராமில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், எந்தச் சிறப்பு உலோகமும் வாங்காமல், எண்ணிப் பார்த்ததாலேயே திரும்பக் கிடைத்தது. இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தேய்மானத்தில் வேறுபாடு தெரிந்தது. இலகுவான காரபைனரில் கயிறு அமரும் வளைவு குறுகலானது. இறக்கும்போது மணல் படிந்த கயிறு ஓடினால் அங்கே விரைவாகப் பள்ளம் விழும். பள்ளம் ஆழமாகும்போது அதன் ஓரம் கூர்மையாகிறது. கூரான ஓரமுள்ள காரபைனர் விழுகையில் கயிற்றையே வெட்டக்கூடியது. விரல் நுனியை வளைவின் உட்புறத்தில் ஓட்டிப் பார்த்து, ஓரம் உறுத்தினாலோ பள்ளம் 1 மில்லிமீட்டரைத் தொட்டாலோ அதை ஒதுக்கிவிடுகிறோம். மேலிருந்து கயிறிட்டுப் பலர் மாறி மாறி ஏறும் நாள்களில் இந்தக் காரபைனர்களை வெளியே எடுப்பதே இல்லை. பழைய 47 கிராம் காரபைனர்கள் அந்த வேலைக்கு இன்னும் வருகின்றன. கம்பி கேட்டைப் பக்கவாட்டில் அசைத்து, அது மூக்கின் பள்ளத்தில் ஒழுங்காக விழுகிறதா என்பதையும் ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம். இடிபட்டு வளைந்த கம்பி மூடியது போலத் தோன்றி, மூக்கைப் பிடிக்காமல் நிற்கக்கூடும்.

பருவத்தின் கடைசி வாரத்தில் அதே பாதைக்குத் திரும்பினோம். நான்காவது பிட்ச்சில் துணைவரே முன்னே சென்றார். முகட்டுக்கு முன்னும் கூரைப் பாறையின் கீழும் வைத்த காப்புகளில் ஸ்லிங்குகளை முழு நீளத்துக்கு விரித்தார். உதட்டுக்கு அருகில் 120 செ.மீ. ஸ்லிங் ஒன்றும் போனது. என் கையிலிருந்த கயிறு தடையில்லாமல் மேலே ஊர்ந்துகொண்டே இருந்தது. 25 மீட்டரில் அவர் நின்றபோது, நாங்கள் விட்டுவந்த இரண்டு நட்களும் விரிசலில் அப்படியே இருந்தன. ஒன்றை நட் சாவியால் தட்டி எடுத்தார். மற்றொன்று அசையவில்லை. அதன் கம்பி இழைகளைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு கேமையும் வைத்து, இரண்டிலும் நீட்டிய ஸ்லிங்குகளை மாட்டிய பிறகு மேலே ஏறினார். பின்னால் சென்ற நான் நங்கூரம் வரை எடுத்த எல்லாக் காப்புகளும் அவர் வைத்த இடத்திலேயே, வைத்த கோணத்திலேயே இருந்தன.